அறிகுறியே இல்லாதபோது, சிறுநீரில் கிருமி இருக்கிறது என்று டாக்டர்கள் ஏன் ஆண்டிபயாடிக் எழுதுகிறார்கள்?

வீட்டில் வயதானவர் யாருக்கோ எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, ரிப்போர்ட்டில் மட்டும் 'ஈ.கோலை (குடலில் வாழும் ஒரு பாக்டீரியா), 1,00,000-க்கு மேல்' என்று வந்திருக்கும். கையோடு ஒரு வாரத்துக்கு மாத்திரையும் எழுதியிருப்பார்கள். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அறிகுறி இல்லாதவருக்கு மருந்து எழுதும் தவறு மருந்துச் சீட்டில் தொடங்குவதில்லை. காரணமில்லாமல் சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினார்களே, அங்கேயே தொடங்கிவிட்டது. அந்த ரிப்போர்ட்டைப் பாருங்கள். மேலே கிருமியின் பெயர், அடுத்து எண்ணிக்கை, அதன் கீழே வரிசையாக மருந்துகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எஸ்' (அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும்) அல்லது 'ஆர்' (கட்டுப்படாது). நோயாளிக்கு என்ன தொந்தரவு என்று எழுத அதில் இடமே இல்லை. மருந்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் இருக்கத் துணிச்சல் வேண்டும். நாளைக்குக் காய்ச்சல் வந்தால் "ரிப்போர்ட் பார்த்தும் சும்மா இருந்தீர்களே" என்பார்களே!

2014-இல் வெளிவந்த டொரண்டோ ஆய்வு ஒன்றில், கதீட்டர் (சிறுநீர் வெளியேறப் போடும் குழாய்) இல்லாத உள்நோயாளிகளின் கல்ச்சர் முடிவை லேப் தானாக அனுப்பவில்லை. அறிகுறி இருந்தால் போன் செய்து கேளுங்கள் என்றது. அறிகுறி இல்லாதவர்களுக்கு மருந்து கொடுப்பது 48 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது.

முதியோர் இல்லங்களில் உள்ள பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி இருக்கும். நீண்டநாள் கதீட்டர் போட்டிருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும். சீழ் செல்கள், நாற்றம், கலங்கல் இவையும் தனியாக மருந்துக்குக் காரணமாகாது. சர்க்கரை நோய் இருந்தாலும் அப்படித்தான். முதியவர் திடீரென்று குழம்பிப் பேசினால் உடனே பழி சிறுநீர்மேல் விழும். காய்ச்சலோ சிறுநீர்த் தொந்தரவோ இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு: நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் அளவு, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை, சிறுநீர் அடைப்பு.

"அப்படியானால் மருந்தே வேண்டாமா?" என்று சண்டைக்கு வராதீர்கள். கர்ப்பிணிக்குக் கட்டாயம் வேண்டும், விட்டால் சிறுநீரகம்வரை தொற்று ஏறலாம். சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியக்கூடிய அறுவை சிகிச்சைக்கு முன்பும் வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஓரிரு டோஸ் போதும். குளிர் நடுக்கம், விலாவலி, எரிச்சல் இருந்தால் அது வேறு கதை, தாமதிக்காதீர்கள். எழுதிய மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்; "எந்த அறிகுறிக்காக இது?" என்று டாக்டரிடமே கேளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆற்றாமைதான். சிறுநீரை எப்படிப் பிடிப்பது என்று யாருமே சொல்வதில்லை. டப்பாவைக் கையில் திணித்துக் கழிவறையைக் காட்டுவதோடு சரி. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் லேப் போகாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மேஜையிலேயே கிடந்தால் கிருமி டப்பாவுக்குள் பெருகும், எண்ணிக்கை பொய்யாக ஏறும். மூன்று நான்கு கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து வந்த கலப்படம்தான்.

மாத்திரை முடிந்ததும், கர்ப்பிணி அல்லாதவர் என்றால், "சரியாகிவிட்டதா பார்ப்போம்" என்று மறுபடி கல்ச்சர் கொடுக்காதீர்கள். பலருக்குக் கிருமி திரும்ப வந்திருக்கும், இந்த முறை 'ஆர்' கூடுதலாக.