அவசரப்படாமல் போய் வாருங்கள், ஆச்சி

கேள்வி: மினியாபொலிஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். நானும் செட்டியாரும் மட்டும் காரில் பக்கத்து மாநிலமான சவுத் டகோட்டா வரை போய்வர ஆசை. அறுபது வயதுக்கு மேல் ஒத்துவருமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: தாராளமாக ஒத்துவரும், ஆச்சி. நானும் என் மனைவியும் அதே வழியில் போனோம். அந்த மாநிலத்தின் மேற்கே இருக்கும் ராபிட் சிட்டி ஊர் வரை ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகள் ஒரே நாளில் ஓட்டிவிடுவார்கள். நாங்கள் நான்கு நாள் எடுத்துக்கொண்டோம்.

மிட்செல் ஊரில் சோளக் கதிர் மாளிகையை விட்டுவிடாதீர்கள். வெளிச்சுவர்ப் படங்கள் பல நிற மக்காச்சோளக் கதிர்களாலும் புல் வகைகளாலும் ஆனவை. நம் வீட்டு முகப்பைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் கைவேலையின் அருமை தெரியும். என் மனைவி அங்கிருந்து கிளம்பவே மனமில்லாமல் நின்றாள்.

சேம்பர்லினில் மிசௌரி ஆற்றைத் தாண்டியதும் சோள வயல்கள் குறைந்து மேய்ச்சல் புல்வெளி விரியும். அப்புறம் மேற்கே போகும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். அறை பதிவு செய்யும்போது நினைவிருக்கட்டும்.

பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குச் சாயங்காலம் போய்ச் சேருங்கள். வரிவரியான மண்குன்றுகள் சாய்வெயிலில் சிவக்கும். காட்டெருமை நின்றால் காரைவிட்டு இறங்க வேண்டாம்.

ரஷ்மோர் மலையில் நான்கு அமெரிக்க அதிபர்களின் முகச் சிற்பங்கள், 1927 முதல் 1941 வரை செதுக்கியவை, காலையில் பார்க்க நல்லது. செப்டம்பரில் போங்கள், வெயில் தணிந்திருக்கும். செட்டியார் ஓட்டுவதென்றால் இங்கேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். ஒரு டப்பா தேன்குழலும் மணகோலமும் காரிலேயே இருக்கட்டும்.