ஃபிலிமை ஒட்டிக் கிடக்கும் ஈயத் தகடு: சில கேள்விகள், பதில்கள்

வெல்டையும் காஸ்டிங்கையும் எக்ஸ்ரே அல்லது காமா கதிரால் படம் எடுத்துச் சோதிக்கும் ரேடியோகிராஃபியில், கதிர் தரும் சோர்ஸ் எத்தனை கியூரி, ஃபிலிம் என்ன பிராண்ட் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். ஃபிலிமை வெளிச்சம் படாமல் வைக்கும் உறையான கேசட்டுக்குள், ஃபிலிமின் இரண்டு பக்கமும் ஒட்டிக் கிடக்கும் லெட் ஸ்க்ரீனை, அதாவது ஈயத் தகட்டைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கிழிகிற வரைக்கும் அதையே ஓட்டுகிறார்கள். இந்த முறை அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஃபிலிமைக் கறுக்க வைப்பதில் பெரிய பங்கு அந்தத் தகட்டின் மேல்பரப்புக்குத்தான். அதனால் படம் சரியில்லை என்றால் முதலில் ஸ்க்ரீனைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள் என்பது என் கட்சி.

சார், நான் ஆர்.டி. (ரேடியோகிராஃபி சோதனை) லெவல் 1 பயிற்சியில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். ஈயம் கதிர்வீச்சைத் தடுக்கும் என்கிறார்கள், அதே ஈயத்தை ஃபிலிமுக்கு முன்னால் வைத்தால் எக்ஸ்போஷர் நேரம் குறையும் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்?

இரண்டும் சரிதான் தம்பி. ஃபிலிம் மேல் விழும் எக்ஸ்ரேயிலும் காமாவிலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஆற்றல்தான் ஃபிலிம் மேல் பூசிய எமல்ஷன் படலத்தில் தங்குகிறது, மீதி எல்லாம் அப்படியே ஊடுருவிப் போய்விடுகிறது. அதே கதிர் ஈயத்தில் மோதும்போது எலக்ட்ரான்கள் தெறிக்கின்றன. எலக்ட்ரானால் ரொம்ப தூரம் போக முடியாது, ஆனால் தகட்டை ஒட்டியே எமல்ஷன் இருந்தால் நேராக அதற்குள் விழுந்து தன் ஆற்றலை அங்கேயே இறக்கிவிடும். ஃபிலிம் சீக்கிரம் கறுப்பது இதனால்தான். காமா சோர்ஸான இரிடியத்தில் ஸ்க்ரீன் இல்லாமல் எடுக்கிற நேரத்தோடு ஒப்பிட்டால் பாதியோ அதற்கும் கீழோ போதும். கூடவே இன்னொரு வேலையும் நடக்கிறது: படம் எடுக்கும் பொருளிலிருந்து சிதறி வரும் கதிருக்கு ஆற்றல் குறைவு, அதை ஈயம் நேர்க்கதிரைவிட அதிகமாக விழுங்கும், படத்தில் கான்ட்ராஸ்ட் ஏறும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வர முடிகிற எலக்ட்ரான் தகட்டின் மேல்தோலிலிருந்து வருவதுதான். உள்ளே ஆழத்தில் கிளம்புவது ஈயத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் முன் ஸ்க்ரீனைத் தடிமனாக்கினால் எலக்ட்ரான் அதிகமாகாது, தடுப்புதான் கூடும். கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

எங்கள் ஷாப்பில் எடுக்கும் பைப் வெல்டு ஃபிலிம்களில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு அடிக்கடி வருகிறது. இன்ஸ்பெக்டர் அதை லேக் ஆஃப் ஃப்யூஷன் (வெல்டு சரியாக உருகி ஒட்டாத குறை) என்று சொல்லி ரிப்பேர் போடச் சொல்கிறார். ரிப்பேருக்குத் தோண்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. ஸ்க்ரீனில் கீறல் இருந்தால் இப்படி வருமா?

வரும், அதுவும் கறுப்பாகவே வரும். கீறல் விழுந்த இடத்தில் ஈயத்தின் மேல்பரப்பு அதிகம், எலக்ட்ரான் வெளிவருவதும் அதிகம், அதனால் அங்கே கறுப்புக் கோடு. இதற்கு நேர் எதிர், ஸ்க்ரீனுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் மாட்டிய தலைமுடி, பஞ்சு, காகிதத் துண்டு. அது எலக்ட்ரானை மறைத்துவிடும், படத்தில் வெள்ளையாகத் தெரியும். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் செய்து காட்டச் சொல்வது இதைத்தான்: கழித்துப் போட்ட ஒரு ஸ்க்ரீனில் ஊசியால் ஒரு கோடு கீறுங்கள், பக்கத்தில் ஒரு தலைமுடியையும் டிஷ்யூ பேப்பர் துண்டையும் வைத்து மேலே ஃபிலிமைப் போட்டு மூடுங்கள், ஒரு ஸ்டீல் தகட்டை முன்னால் நிறுத்தி ஷாட் எடுங்கள். கழுவி வ்யூவரில் மாட்டினால் கீறல் கறுப்பாக, முடி வெள்ளை இழையாக, பேப்பர் இருந்த இடம் மங்கலான வெளிர் கட்டமாக, மூன்றும் ஒரே படத்தில் நிற்கும். அதை ஒருமுறை பார்த்தவர் அதற்கப்புறம் ஸ்க்ரீனைத் துடைக்காமல் ஃபிலிம் போட மாட்டார்.

உங்கள் கோட்டுக்கு வருவோம். அந்தக் கோடு வந்த ஃபிலிம்களை எல்லாம் எடுத்து வரிசையாக வையுங்கள். ஃபிலிமின் மூலையிலிருந்து கோட்டுக்கு உள்ள தூரம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது, ஆனால் வெல்டில் வைத்த நம்பர் மார்க்கரிலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடம் என்றால், அது வெல்டில் இல்லை, கேசட்டில் இருக்கிறது. ஃபிலிமைச் சாய்த்துப் பிடித்து மேல்பரப்பில் வெளிச்சம் பட வைத்தும் பாருங்கள். கையாளும்போது எமல்ஷனில் விழுந்த கீறலாக இருந்தால் பளபளப்பு அந்த இடத்தில் கெட்டிருக்கும், ஸ்க்ரீன் கோட்டில் மேல்பரப்பு சுத்தமாகவே இருக்கும். இதற்கப்புறமும் சந்தேகம் என்றால் ஸ்க்ரீனை மாற்றி அதே இடத்தை இன்னொரு ஷாட் எடுங்கள். தோண்டுவதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் ஒரு ஃபிலிம் ஒன்றுமே இல்லை.

இன்ஸ்பெக்டரிடம் பேசவும் உங்களுக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் விதித்தொகுப்பான ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் ஃபைவ் ஆர்ட்டிகிள் 2, படத்தில் இருக்கக் கூடாத குறைகளைப் பட்டியலிடும் இடத்தில், கெட்டுப்போன ஸ்க்ரீனால் வரும் பொய் அடையாளங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதே சமயம் இதைச் சாக்காக வைத்து உண்மையான குறையை ஸ்க்ரீன் தலையில் கட்டிவிடவும் கூடாது. பரிசோதித்துச் சொல்லுங்கள், அனுமானத்தில் சொல்லாதீர்கள்.

இனிமேல் இந்தத் தகராறே வராமல் இருக்க, ஒவ்வொரு ஸ்க்ரீனின் மூலையிலும் ஊசியால் சின்னதாக ஒரு எண்ணைக் கீறி வையுங்கள். வெல்டு விழும் பகுதிக்கு வெளியே இருக்கட்டும். அந்த எண் ஒவ்வொரு ஃபிலிமிலும் கறுப்பாகப் பதியும், எந்த ஃபிலிம் எந்த ஸ்க்ரீனில் எடுத்தது என்று உடனே தெரிந்துவிடும்.

புது லெட் ஸ்க்ரீன் வாங்கினோம். அதே சோர்ஸ், அதே நேரம், ஆனால் டென்சிட்டி (ஃபிலிமின் கறுப்பு அளவு) 2-க்கும் கீழே இறங்கிவிட்டது. ஸ்க்ரீன் தரம் மோசமா?

அட்டை ஒட்டிய ஸ்க்ரீனா? அப்படியானால் ஈயப் பக்கம் ஃபிலிமைப் பார்க்கிறதா, அட்டைப் பக்கம் பார்க்கிறதா என்று முதலில் பாருங்கள். அட்டையைத் தாண்டி எலக்ட்ரான் வராது. பெட்டியில் வரும்போது இடையில் வைத்த காகிதத்தை எடுக்காமல் விட்டிருந்தாலும் இதே கதைதான். இரண்டும் இல்லை என்றால் அப்புறம் தரத்தைப் பற்றிப் பேசலாம்.

முன்னால் ஐந்து தவ், பின்னால் பத்து தவ் ஸ்க்ரீன் என்று பழக்கம். ஒரு ஷிஃப்டில் பையன்கள் மாற்றிப் போட்டுவிட்டார்கள். அந்த ஃபிலிம்களை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டுமா அண்ணே?

தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; ஐந்து தவ் என்பது 0.125 மி.மீ., பத்து தவ் 0.25. இரிடியம்-192 என்றால் முன்னால் அந்தக் கூடுதல் 0.125 மி.மீ. ஈயத்தால் டென்சிட்டியில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே தவறை 160 கே.வி. எக்ஸ்ரேயில் செய்திருந்தால் ஃபிலிம் நன்றாகவே வெளுத்திருக்கும், உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் படம் நன்றாக இருக்கிறது என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. எந்த ஸ்க்ரீன் என்பது ஏ.எஸ்.எம்.இ. படி எழுத்தில் இருக்கும் ப்ரொசீஜரிலேயே (வேலைமுறை ஆவணம்) இருக்க வேண்டிய விவரம். அதில் முன்பக்கம் 0.125 என்று எழுதியிருந்தால் நீங்கள் எடுத்தது ப்ரொசீஜருக்கு வெளியே. வெல்டு ரேடியோகிராஃபிக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 17636-1 படி வேலை என்றால் இரிடியத்துக்கு முன் ஸ்க்ரீன் சாதாரண ஏ வகுப்பில் 0.02 முதல் 0.2 மி.மீ. வரை, கடுமையான பி வகுப்பில் 0.1-இல் தொடங்கி 0.2 வரை. 0.25 அதில் அடங்காது. ப்ரொசீஜருக்குப் பொறுப்பான லெவல் 3 அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லி அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

கோபால்ட்-60 எடுப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், அங்கே கணக்கே வேறு. அதன் 1.17, 1.33 எம்.இ.வி. ஆற்றலுள்ள கதிருக்கு அதே ஐ.எஸ்.ஓ. தரம் முதலில் கேட்பது 0.25 முதல் 0.7 மி.மீ. ஸ்டீல் அல்லது செம்புத் தகடு. ஈயம் ஏ வகுப்பில் மட்டும், அதுவும் 0.5-இல் தொடங்கி 2 மி.மீ. வரை தடிமனாக. இரிடியம் கேசட்டையே கோபால்ட் ஷாட்டுக்கும் கொண்டு போகாதீர்கள்.

அலுமினியம் காஸ்டிங், 90 கே.வி. ஸ்க்ரீன் போட்டால் படம் வெளுத்துப் போகிறது. போடாமல் விடலாமா?

முன் ஸ்க்ரீனை எடுத்துவிடுங்கள். ஈயத்தின் உள்கூட்டு எலக்ட்ரானைப் பிடுங்கவே 88 கே.இ.வி. வேண்டும். 90 கே.வி. ட்யூபிலிருந்து வரும் கதிரில் அந்த அளவு ஆற்றல் உள்ளது மிகச் சொற்பம். சுமார் 120 கே.வி.க்குக் கீழே முன் ஸ்க்ரீன் வெறும் வடிகட்டிதான், நேரத்தைத் தின்னும். 100 கே.வி. வரைக்கும் ஐ.எஸ்.ஓ. சொல்வதும் ஸ்க்ரீன் வேண்டாம், வேண்டுமென்றால் 0.03 மி.மீ.க்குள் என்றுதான். தடிமன் ஏறி இறங்கும் காஸ்டிங்கில் சிதறல் ரொம்பத் தொல்லை கொடுத்தால், நேரம் கூடினாலும் பரவாயில்லை என்று மெல்லிய ஸ்க்ரீன் போடுவது உண்டு. பின்பக்கத் தடுப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கேசட் முதுகில் ஒட்டும் 'பி' எழுத்து சில ஃபிலிம்களில் வெள்ளையாக, சிலவற்றில் கறுப்பாக விழுகிறது. இரண்டையும் ரிஜெக்ட் செய்கிறார்கள். சரியா?

வெள்ளையை ரிஜெக்ட் செய்வது சரி, கறுப்பை ரிஜெக்ட் செய்வது தவறு. அந்த ஈய எழுத்து பின்னாலிருந்து வரும் கதிரைக் காட்டிக்கொடுக்கத்தான் இருக்கிறது. தரையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பும் கதிர் பின் ஸ்க்ரீனையும் தாண்டி ஃபிலிமை அடைந்தால், எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் அது மறைபடும், கறுத்த பின்னணியில் எழுத்து வெளிறித் தெரியும். அப்படித் தெரிந்தால் தடுப்பு போதவில்லை, படம் செல்லாது. கறுப்பாக விழுவது அந்த ஈய எழுத்திலிருந்தே கிளம்பும் கதிரால். அதற்காக நிராகரிக்க வேண்டியதில்லை என்று ஏ.எஸ்.எம்.இ. விதியே சொல்கிறது. எழுத்து எந்த விதத்திலும் தெரியாவிட்டால் நல்லதுதான், ஒட்டியிருந்தீர்கள் என்பது உறுதியாகத் தெரிந்தால்.

வெள்ளை 'பி' வந்தால் பல பேர் எக்ஸ்போஷர் நேரத்தை மாற்றுகிறார்கள். அதனால் ஒன்றும் ஆகாது. நேரம் கூடினால் திரும்பி வரும் கதிரும் கூடத்தானே செய்யும்? கேசட்டுக்குப் பின்னால் தனியாக 1 மி.மீ. ஈயத் தகடு வையுங்கள், பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். கான்கிரீட் தரைமேல் கேசட்டைப் போட்டு எடுக்கும் இடங்களில் இது கட்டாயம் தேவை. கலிமேட்டர் போட்டுக் கற்றையை வேண்டிய அகலத்துக்குச் சுருக்கினால் சிதறுவதற்கே கதிர் குறையும்.

ஸ்க்ரீனை எதால் துடைப்பது? மறுநாள் வேலைக்கு முந்தின சாயங்காலமே கேசட் லோடு செய்து வைக்கலாமா?

தினமும் என்றால் நூல் விடாத மெல்லிய உலர்ந்த துணி போதும். கறை படிந்து கருத்துவிட்டால் மிக நைசான ஸ்டீல் உல்லால் லேசாகத் தேய்க்கலாம், அதில் விழும் பொடிக் கீறல்கள் படத்தில் வராது. ஆனால் தேய்த்த ஸ்க்ரீனில் உடனே ஃபிலிமைப் போட்டு நாள் கணக்கில் வைக்காதீர்கள், ஃபாக் அடிக்கும், அதாவது ஃபிலிம் தேவையில்லாமல் மங்கலாகக் கறுக்கும். தேய்த்த பின் 24 மணி நேரம் சும்மா விட்டுவிட வேண்டும். வெயிலும் புழுக்கமும் உள்ள ஊர்களில் சாதாரண ஸ்க்ரீனிலேயே ஃபிலிமை நீண்ட நேரம் வைத்திருந்தால் இந்தத் தொல்லை உண்டு, அதனால் நம்மூர் மே மாதத்தில் தேவைக்கு மட்டும் லோடு செய்வது நல்லது. மடிப்பு விழுந்த ஸ்க்ரீனை ரோலர் வைத்து நிமிர்த்திப் பயன்படுத்துவதைப் பார்க்கிறேன், வேண்டாம். மடிப்பின் இரண்டு பக்கமும் ஃபிலிமோடு ஒட்டாமல் இடைவெளி நிற்கும், அந்த இடம் மங்கும். சின்ன பைப்பில் சுற்றி எடுப்பவர்கள் மெல்லிய ஸ்க்ரீனாகப் பார்த்து வாங்கி, ரப்பர் பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள்.

தேய்த்த கையோடு டீ குடிக்கப் போகாதீர்கள். ஈயத் தூள் வயிற்றுக்குள் போனால் உடம்பில் தங்கும். கையுறை போட்டுத் தேய்த்து, சோப்பால் கை கழுவுங்கள். கழிந்த ஸ்க்ரீன் குப்பைக்குப் போகக் கூடாது, அனுமதி பெற்ற ஈய மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும்.

கேசட்டில் ஈயம் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றால் கொஞ்சமாவது பாதுகாப்பு கிடைக்குமா?

கிடைக்காது. இரிடியம் கதிரைப் பாதியாக்கவே சுமார் 5 மி.மீ. ஈயம் வேண்டும், உங்கள் கையில் இருப்பது கால் மி.மீ. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே போங்கள், கதிரை அளக்கும் சர்வே மீட்டர் கையில் இருக்கட்டும், உடம்பில் பட்ட கதிரைக் கணக்கு வைக்கும் டி.எல்.டி. பேட்ஜ் சட்டையில் இருக்கட்டும்.

ஃபிலிமுக்குப் பதில் இமேஜிங் ப்ளேட் வைக்கும் சி.ஆர். முறைக்கு மாறிவிட்டோம். இனி லெட் ஸ்க்ரீனே தேவையில்லையா?

தேவை, ஆனால் வேறு காரணத்துக்கு. இமேஜிங் ப்ளேட்டில் ஈயத்தின் வேலை பெரும்பாலும் சிதறலை வடிகட்டுவதுதான், ஃபிலிமில் கிடைத்த வேகம் கிடைக்காது. ப்ளேட் சிதறலுக்கு ஃபிலிமைவிட எளிதாக மசியும் என்பதால் ஸ்க்ரீனைத் தூக்கிப் போட்டவர்களுக்குப் படம் மூடுபனி மாதிரி வருகிறது. ஈயம் உரசி ப்ளேட்டின் பாஸ்பர் பரப்பில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் அது அந்த ப்ளேட்டின் ஆயுள் முழுக்க எல்லாப் படத்திலும் வரும். பின்பக்கம் ஈயத்துக்கும் ப்ளேட்டுக்கும் நடுவில் சுமார் 0.5 மி.மீ. ஸ்டீல் அல்லது செம்புத் தகடு ஒன்று வையுங்கள். அடிபட்ட ஈயமே வெளியிடும் எக்ஸ்ரே ப்ளேட்டில் பதியாமல் அது தடுக்கும்.