எட்டிலொரு பங்கு – கடிதம்

அன்புள்ள அண்ணை,

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு எங்கள் ஊர்ச்சங்கம் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரமும் ஆறு மலசலகூடமும் கட்டிக் கொடுக்க இருக்கிறது. முன்பு கொடுத்த இயந்திரம் இரண்டு வருடத்தில் நின்றுவிட்டது. இந்தக் காசும் வீணாகாமல் இருக்க என்ன வழி? எந்த அமைப்பை நம்பலாம்? சும்மா வாங்கிப் பழகி எங்கள் சனம் சோம்பேறியாகிவிட்டது என்றே நினைக்கிறேன். சங்கத்தின் பெயர்க்கல் வைப்பது தவறா?

கனடா, ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அமைப்பின் பெயர் என்னிடம் கேட்காதீர்கள். ஆர்.ஓ. தேவையா என்பதைத் தண்ணீரைப் பரிசோதித்தவர் சொல்லட்டும். குடிநீரில், உரத்திலும் கழிவிலும் இருந்து வந்து கலக்கும் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருக்கிறது. கொதிக்க வைத்தாலும் போகாது.

ஆனால் அந்தச் "சோம்பேறி"யை விடமாட்டேன். ஸ்காபரோவில் உங்கள் வீட்டுக் குழாய் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியும். இங்கே அந்த இயந்திரத்தின் வடிகட்டி அடைத்தபோது அதிபர் யாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்? புதியது வாங்கும் காசு எந்தக் கணக்கில் இருந்தது? இரண்டையும் நீங்கள் எழுதவில்லை. சங்கத்தில் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

அம்மாவின் சீதனக் காணி உறுதியில், கிணற்றில் எட்டிலொரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று எழுதியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு உறுதி கிடக்கும், எடுத்துப் பாருங்கள். அந்தக் கிணற்றின் பங்காளிகளில் இரண்டு பேர் எல்லைவேலிக்காகக் கோட்டுக்குப் போய், செத்தவீட்டுக்குக்கூடப் போக்குவரத்து இல்லாதவர்கள். இறைப்பு முறை மட்டும் பிசகாது. கோடையில் கிணறு கலக்கி இறைக்கிற நாளில் ஒருவர் உள்ளே இறங்கிச் சேறு அள்ளிக் கொடுக்க, மற்றவர் மேலே நின்று வாளியை இழுப்பார். "கதைக்காட்டிப் போகட்டும், கயித்துக் காசைத் தரட்டும்" என்பார் அம்மம்மா. துலா போய்த் தண்ணீர் இறைக்கும் மிசின் வந்தபோது திருத்தக்கூலியும் அதே எட்டிலொரு கணக்கில்தான் பிரிந்தது. இந்தச் சனத்தையா சோம்பேறி என்கிறீர்கள்? பங்கு இல்லாத பொருளை யார் திருத்துவார்?

பெரிய காசும் இதே இடத்தில்தான் இடறியது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் 2010இல் அங்கீகாரம் பெற்ற திட்டம் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர எண்ணியது. அந்தக் குளத்தை நம்பி விதைக்கும் விவசாயிகள் மறுத்தார்கள். அவர்களிடமல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்! கடைசியில் யாழ்ப்பாணத்துத் தாளையடிக் கடற்கரையில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். கடல்நீரிலிருந்து உப்பை நீக்க மின்சாரம் எவ்வளவு தின்னும் என்பது வேறு கதை.

மலசலகூடத்துக்கு வருகிறேன். ஆறு என்று எண்ணிவிட்டீர்கள், குழி எங்கே? நம் நிலத்தின் அடியில் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். அடி மூடாத குழியில் விழுவது மண்ணில் வடிபடாமலே பக்கத்துக் கிணற்றுக்குப் போய்விடும். நைத்திரேற்றுக்கு உரத்தோடு இந்தக் குழிகளும் காரணம். நீங்கள் ஒரு கையால் குழி வெட்டி, மறு கையால் ஆர்.ஓ. பூட்டப் போகிறீர்கள். அந்த இயந்திரம் கழிக்கிற உப்புத் தண்ணீரையும் அதே வளவுக்குள்தான் விடுவார்கள். அடியும் சுவரும் சீமெந்து பூசிய தொட்டி கட்டுங்கள். நிரம்பினால் கழிவு அள்ளும் பிரதேச சபை பவுசர் வருமா, கூலி எவ்வளவு, அள்ளியதை எங்கே ஊற்றுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை அத்திவாரம் வெட்ட வேண்டாம். ஆறுக்குக் காசு போதாவிட்டால் மூன்று கட்டுங்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்கட்டும், கிணறு தப்பும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தண்ணீரை நினைக்கிறீர்களே, அந்த மனதுக்காகத்தான் இவ்வளவு ஏசுகிறேன்.

பெயர்க்கல்லைத் தாராளமாக வையுங்கள். அதன் கீழேயே, பழுதானால் யாருக்கு அறிவிப்பது, திருத்தக் காசு எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது என்றும் வெட்டச் சொல்லுங்கள்.