வாங்குபவர் மனத்தில் போடும் கணக்கு: எல்லைப்புற வணிகர்களின் கேள்விகளும் பதில்களும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், களியக்காவிளை, குழித்துறை வட்டாரத்திலிருந்தும், கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் வாழும் தமிழர்களிடமிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடையையோ ஆளையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: களியக்காவிளையில் ஏத்தங்காய் சிப்ஸ் போட்டு விற்கிறேன். முழுக்கத் தேங்காய் எண்ணெயில்தான் பொரிக்கிறேன். நாலு கடை தள்ளிப் பாமாயிலில் பொரித்து விலை குறைத்து விற்கிறார்கள். ‘உங்கள் சரக்குதான் நல்ல சரக்கு’ என்று என் முகத்துக்கு நேரே சொல்பவர்களே அங்கே வாங்கிக்கொண்டு போகிறார்கள். இது ஏன்?

பதில்: அவர்கள் பொய் சொல்லவில்லை. சரக்கின் தரத்தை ஒப்புக்கொள்வது ஒன்று. அந்த விலைக்கு அது தகும் என்று கருதுவது இன்னொன்று. வலேரி ஸைதாமல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பானங்கள் வாங்குபவர்களிடம் பேசி 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், மக்கள் மதிப்பு என்று சொல்லும்போது நான்கு வேறு பொருள்களில் சொல்கிறார்கள் என்று காட்டினார். சிலருக்கு மலிவே மதிப்பு. சிலருக்குத் தாம் விரும்பியது கிடைப்பது மதிப்பு. சிலர் கொடுத்த பணத்துக்கு ஏற்ற தரத்தைப் பார்க்கிறார்கள். வேறு சிலர், தாம் கொடுப்பவை அனைத்தையும் பெறுபவை அனைத்தோடும் எடைபோடுகிறார்கள். இதில் கொடுப்பது பணம் மட்டுமன்று, நேரமும் அலைச்சலும் ஏமாந்துவிடுவோமோ என்ற தயக்கமும் அதில் அடங்கும்.

உங்கள் கடைக்கு முன்னால் இந்த நான்கு வகையினரும் நிற்கிறார்கள். திருவனந்தபுரம் பஸ் கிளம்புவதற்குள் வழியில் கொறிக்க ஒரு பொட்டலம் வாங்குபவர் முதல் வகை. அவருக்காக நீங்கள் விலையைக் குறைக்கப் போனால் தேங்காய் எண்ணெய் விற்கும் விலையில் கடையை மூட வேண்டியதுதான். சம்பந்தி வீட்டுக்கும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் வாங்குபவர் வேறு ஆள். போன இடத்தில் அது காறல் அடித்தால் தன் பெயர் கெடும் என்ற அச்சம் அவருக்கு உண்டு. அந்த அச்சத்தை நீக்குவதற்காக அவர் கூடுதல் விலை கொடுப்பார். ஆனால் எண்ணெயின் வேறுபாடு அவர் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்ட வேண்டும். இப்போது உங்கள் அடுப்பு பின்கட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை முன்னால் கொண்டுவாருங்கள். காயை நேராக எண்ணெயில் சீவி விடுவதும், மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரைத் தெளித்ததும் எண்ணெய் பொங்கி ‘சடசட’வென்று அடங்குவதும், அந்த நேரத்தில் எழும் தேங்காய் எண்ணெய் மணமும் எந்த விளம்பரப் பலகையைக் காட்டிலும் உறுதியான சான்று. பொட்டலத்தில் ‘சமையல் எண்ணெய்’ என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல் தேங்காய் எண்ணெய் என்றே அச்சிடுங்கள். பொரித்த தேதியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பஸ்ஸுக்கு ஓடுபவருக்குச் சிறிய பொட்டலம் ஒன்று தனியாக இருக்கட்டும். அவரும் ஒருநாள் சம்பந்தி வீட்டுக்குப் போவார்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை. ஆடித் தள்ளுபடி பல ஆண்டுகளாகக் கொடுக்கிறோம். முன்பெல்லாம் அது கூடுதல் வியாபாரம். இப்போது ஆடியில் மட்டும்தான் கூட்டம். ஓணத்துக்கு வரும் கேரள வாடிக்கையாளர்கள்கூட ‘போன மாதம் குறைவாகக் கொடுத்தீர்களே’ என்று கேட்கிறார்கள்.

பதில்: தள்ளுபடி விலையையே அவர்கள் உங்கள் உண்மையான விலையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 2017-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தாலர், ஒரு பொருளை வாங்கும்போது இரண்டு விதமான நிறைவு கிடைப்பதாக 1985-இலேயே விளக்கினார். ஒன்று, பொருளால் கிடைப்பது. மற்றொன்று, ‘இந்த விலைதான் இருக்கும்’ என்று மனத்தில் வைத்திருந்த தொகைக்கும் கொடுத்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தால் கிடைப்பது. ஆண்டுதோறும் தவறாமல் குறைத்தால் மனத்தில் உள்ள தொகையும் கூடவே இறங்கிவிடும். அதன்பின் தள்ளுபடி மகிழ்ச்சி தராது. தள்ளுபடி இல்லாமை மட்டும் நஷ்டமாக உறைக்கும்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்கு ஆடி, அக்கரையில் கர்க்கடகம். இரு பக்கமும் மந்தமான மாதம். அது முடிந்ததும் ஆவணியும் சிங்ஙமும் பிறந்து ஓணம் வந்துவிடுகிறது. அதாவது ஆண்டின் மிகச் சிறந்த விற்பனைக் காலத்துக்குச் சற்று முன்னால்தான் வாடிக்கையாளரின் மனத்தில் உள்ள விலையை நீங்களே கைப்படக் குறைத்துவைக்கிறீர்கள். தள்ளுபடியை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லமாட்டேன்; பக்கத்துக் கடைக்காரர் நிறுத்தமாட்டார். ஓணத்துக்கு விற்கும் கசவுச் சேலை, முண்டு, செட்டு முண்டு ஆகியவற்றை ஆடித் தள்ளுபடியிலிருந்து முழுதும் விலக்கிவையுங்கள். மற்றவற்றில், ‘தேங்கிய சரக்கு, இந்த அலமாரி மட்டும்’ என்று காரணத்தைச் சொல்லிக் குறையுங்கள். காரணம் தெரிந்த தள்ளுபடி வழக்கமான விலையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

கேள்வி: மூன்று தலைமுறையாக எங்களிடம் நகை எடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது பெரிய ஷோரூம்களுக்குப் போகிறார்கள். விசுவாசம் என்பதே இல்லாமல் போய்விட்டதா?

பதில்: விசுவாசத்தைக் குறை சொல்வதற்கு முன்னால், அந்தக் குடும்பங்கள் உங்களிடம் எதை வாங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தங்கத்தை எவரிடமும் வாங்கலாம். மாற்றுக் குறையாது என்ற நம்பிக்கையைத்தான் உங்கள் பாட்டனாரிடம் வாங்கினார்கள். உரைத்துப் பார்த்தாலும் சாதாரண மனிதருக்குத் தெரியாத ஒன்றை, தெரிந்த ஆசாரி சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்காகவே சேதாரத்தைப் பற்றி அதிகம் பேசாமல் கொடுத்தார்கள்.

2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடான எச்.யு.ஐ.டி. இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்றாகிவிட்டது. அந்தக் குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் நகையின் தூய்மையும் சோதித்த மையமும் தெரியும். 916 என்றால் எங்கே வாங்கினாலும் 916 தான். உங்கள் குடும்பத்தின் பெயர் தாங்கிவந்த சுமையை இப்போது ஒரு குறியீடு தாங்குகிறது. ஆகவே அந்தப் பெயருக்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்க இளையவர்களுக்குக் காரணமில்லை. இது நன்றிகெட்டதனம் அன்று, கணக்கு மாறியிருக்கிறது.

டிக், பாசு என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் ஒரு பயனுள்ள பிரிவினையைச் செய்தார்கள். திரும்பத் திரும்ப வாங்குவதும், மற்ற கடைகளைவிட இதுவே மேல் என்று மனத்தில் கருதுவதும் சேர்ந்திருந்தால்தான் அது விசுவாசம். வாங்குவது மட்டும் இருந்து விருப்பம் இல்லையென்றால் அது போலி விசுவாசம்: வேறு வழி கிடைத்ததும் கலைந்துவிடும். உங்கள் பழைய வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர், சொல்ல வருத்தமாக இருந்தாலும், இந்த வகையாக இருந்திருக்கலாம்.

இனி உங்களுக்கு மிஞ்சியிருப்பவை சிறியவை அல்ல. தங்கத்தின் எடை, அன்றைய விலை, கல்லின் எடை, சேதாரம், செய்கூலி ஆகியவற்றைப் பில்லில் தனித்தனி வரியாகக் காட்டி வாசித்துச் சொல்லுங்கள். பல இடங்களில் சேதாரம்தான் வாடிக்கையாளருக்குப் புரியாத இருட்டறை. திருகாணி தொலைந்தால், சங்கிலியின் கொக்கி விட்டுப்போனால் காத்திருக்கும்போதே சரிசெய்து கொடுங்கள். பழைய நகையைத் திருப்பி எடுக்கும்போது என்ன கழிப்பீர்கள் என்பதை விற்கும் நாளிலேயே எழுதிக்கொடுங்கள். ஷோரூமில் ஏ.சி. இருக்கும், குளிர்பானம் கிடைக்கும். ஆசாரி எதிரே உட்கார்ந்திருக்கமாட்டார்.

கேள்வி: குழித்துறையில் டூ வீலர் சர்வீஸ் நிலையம் நடத்துகிறேன். கருத்துப் படிவத்தில் எல்லோரும் ‘திருப்தி’ என்றே எழுதுகிறார்கள். பாதிப் பேர் திரும்ப வருவதில்லை.

பதில்: எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் ஒப்பிடுவதால் பிறப்பதுதான் திருப்தி என்று ரிச்சர்ட் ஆலிவர் என்ற ஆய்வாளர் 1980-இல் எழுதினார். அப்படியானால் குறைவாக எதிர்பார்த்தவர் எளிதில் திருப்தியடைவார். அதனால் உங்களுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் ‘முழுத் திருப்தி’ என்றவர்களுக்கு, வெறுமனே ‘திருப்தி’ என்றவர்களைவிட அடுத்த 18 மாதங்களில் மீண்டும் வாங்கும் வாய்ப்பு ஆறு மடங்கு அதிகமாக இருந்தது என்று 1995-இல் ஜோன்ஸும் சாஸரும் எடுத்துக்காட்டினார்கள். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ‘கொடுத்த பணத்துக்கு வேலை தகுமா? சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைத்ததா?’ என்று மறுநாள் போனில் கேளுங்கள். கவுண்டரில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எவரும் உண்மையை எழுதமாட்டார்.

கேள்வி: பாறசாலையில் பேக்கரி. பத்து முறை வாங்கினால் ஒன்று இலவசம் என்று அட்டை கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், கொடுப்பதாக இருந்தால் அட்டையின் இரண்டு கட்டங்களில் முதலிலேயே முத்திரை குத்திக் கொடுங்கள். கார் கழுவும் நிலையம் ஒன்றில் நூனஸும் ட்ரேஸும் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுக் கட்ட அட்டை பெற்றவர்களில் 19 சதவீதம் பேரும், இரண்டு முத்திரையோடு பத்துக் கட்ட அட்டை பெற்றவர்களில் 34 சதவீதம் பேரும் அதை நிறைவு செய்தார்கள். இருவருக்கும் மிச்சம் எட்டு முறைதான். ஆனால் அட்டை வரவழைக்குமே தவிர, பழைய பன்னை மன்னிக்க வைக்காது.

கேள்வி: எம்.பி.ஏ. ஆய்வேடு எழுதுகிறேன். தரம், மதிப்பு, திருப்தி, விசுவாசம் என்று ஒன்றிலிருந்து அடுத்தது பிறப்பதாக ஒரே நேர்கோட்டில் வரைந்தால் போதுமா?

பதில்: போதாது. குரோனின், பிரேடி, ஹல்ட் ஆகியோர் ஆறு சேவைத் துறைகளில் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட கட்டுரையில், தரம், மதிப்பு, திருப்தி மூன்றுமே வாடிக்கையாளரின் அடுத்த முடிவை நேரடியாகவும் பாதிக்கின்றன என்று கண்டார்கள். நேரடிப் பாதைகளையும் வரைந்து சோதியுங்கள். மதிப்பை ஒரே கேள்வியால் அளக்காதீர்கள். ஸ்வீனியும் சூட்டாரும் 2001-இல் அதைத் தரம், விலை, உணர்வு, சமூகத் தோற்றம் என்று நான்காகப் பிரித்தார்கள். கல்யாணப் பட்டெடுக்கும் வீட்டாரிடம் கடைசி இரண்டும் எவ்வளவு கனமானவை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: நெய்யாற்றின்கரையில் இருக்கிறேன். தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை குறைவு என்பதால் களியக்காவிளைக்கு வந்து நிரப்புகிறேன். லாபம்தானே?

பதில்: லிட்டருக்கு 5 ரூபாய் வித்தியாசம், ஸ்கூட்டரில் 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 25 ரூபாய். போக வர 30 கிலோமீட்டர், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் 600 மில்லி எரிகிறது. லிட்டர் 100 ரூபாய் என்றாலும் அது 60 ரூபாய். காரிலும் இதே கதைதான்: 35 லிட்டரில் 175 ரூபாய் மிச்சம், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் 200 ரூபாய் செலவு.

கணக்கு தெரியாமல் நீங்கள் போகவில்லை. பம்பின் பலகையில் தெரியும் குறைந்த எண் தரும் மகிழ்ச்சிக்காகப் போகிறீர்கள். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் 1981-இல் வெளியிட்ட சோதனையில், 15 டாலர் கால்குலேட்டரில் 5 டாலர் குறையும் என்றால் 20 நிமிடம் வண்டி ஓட்டிப் போகத் தயார் என்றவர்கள் 68 சதவீதம். பொருளின் விலை 125 டாலர் என்றபோது அதே 5 டாலருக்காகப் போகச் சம்மதித்தவர்கள் 29 சதவீதம் மட்டுமே. சேமிப்பு ஒன்றுதான், எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதுதான் வேறு. மார்த்தாண்டம் சந்தைக்கோ உறவினர் வீட்டுக்கோ வரும் நாளில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கென்று தனியாக வண்டியை எடுக்க வேண்டாம்.