டார்ட்டிலா (மக்காச்சோள ரொட்டி) மாவில் மரபணு மாற்றச் சோதனைப் பட்டை ஒற்றைக் கோடு காட்டினால் போதுமா?

போதாது. வேகவைத்து அரைத்த மாவில் பட்டை ஒற்றைக் கோடு (தேடும் புரதம் தென்படவில்லை என்பதற்கான குறி) காட்டியதை வைத்து, அமெரிக்காவின் ஐயோவாவில் நீங்கள் வாங்கிய மக்காச்சோளம் மரபணு மாற்றப்படாதது என்று பொட்டலத்தில் போட்டுவிடாதீர்கள், வாங்குகிறவர்கள் அதை நம்பித்தான் சாப்பிடுவார்கள்.

மாவில் ஒற்றைக் கோடு வரக் காரணம் பெரும்பாலும் சுண்ணாம்பும் சூடும்தான். உங்கள் பட்டை தேடுவது சிபி4 இபிஎஸ்பிஎஸ் என்ற புரதத்தை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தாலும் செடி சாகாமல் நிற்பது அதனால்தான். சுண்ணாம்பு நீரில் கொதிக்கவிட்டு ஊறப்போட்டால் அந்தப் புரதம் உருக்குலைந்துவிடும், அப்புறம் பட்டைக்கு அது பிடிபடாது.

வேகவைக்காத மணியில் பாருங்கள். மூட்டையின் மேல், நடு, அடி என்று பல இடத்திலிருந்து அள்ளிக் கலந்து, பொடியாக அரைத்து, பெட்டியோடு வந்த தாளில் சொன்ன அளவு தண்ணீர் விட்டுக் குலுக்கி, பட்டையை அதில் நிற்க வையுங்கள். ஒரே கைப்பிடியை நம்பாதீர்கள்: மக்காச்சோளத்தில் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாக மகரந்தம் விழ வேண்டும், அதனால் பக்கத்து வயல் மகரந்தம் காற்றில் வந்தால் ஒரே கதிரில் இரண்டு வகை மணியும் இருக்கும். அமெரிக்காவில் விதைக்கும் மக்காச்சோளத்தில் சுமார் 90 சதவீதம் களைக்கொல்லி தாங்கும் ரகம் என்பதால் இது நடக்கக்கூடியதுதான்.

மணியிலும் ஒற்றைக் கோடு வந்தால், அந்த ஒரு புரதம் தென்படவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். குளுஃபோசினேட் என்ற இன்னொரு களைக்கொல்லியைத் தாங்கும் ரகங்களுக்குப் பட்டை வேறு. பொட்டலத்தில் எழுதத்தான் போகிறீர்கள் என்றால், அதே மணியை பிசிஆர் (மரபணுவையே தேடும்) சோதனைக்கு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். களைக்கொல்லி எச்சம் இருக்கிறதா என்பதை இவை எதுவும் சொல்லாது, அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.