வங்கிக்குக் கொடுத்த பட்டியலைப் பதிவாளருக்கும் கொடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் 2021-இல் பின்னலாடைத் தொழிலுக்காக பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தொடங்கினேன். பங்குகளில் 35 விழுக்காடு என் பெயரிலும், 25 விழுக்காடு என் தந்தை கர்த்தாவாக (குடும்பத் தலைவராக) உள்ள இந்து கூட்டுக் குடும்பத்தின் பெயரிலும், 35 விழுக்காடு என் அண்ணன் 60 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் வேறொரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் பெயரிலும் உள்ளன. மீதி 5 விழுக்காடு எங்கள் மேலாளர் பெயரில் இருக்கிறது. அந்த 5 விழுக்காட்டுக்குப் பணம் போட்டது நான். வங்கி கேட்ட ‘பெனிஃபிஷியல் ஓனர்’ (உண்மை உரிமையாளர்) படிவத்தில் நான், தந்தை, அண்ணன் மூவர் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். இப்போது ஆடிட்டர், கம்பெனிப் பதிவாளரிடம் உண்மை உரிமையாளர்களைத் தெரிவிக்கும் பென்-2 படிவம் தாக்கல் செய்யப்படவே இல்லை என்கிறார். சிறு நிறுவனத்துக்கும் இது பொருந்துமா? வங்கிக்குக் கொடுத்த பட்டியலையே தாக்கல் செய்தால் போதுமா?

பதில்: பொருந்தும். கம்பெனிகள் சட்டம், 2013-இன் 90-ஆம் பிரிவிலும், அதன்கீழ் 2018-இல் வெளியாகி 2019 பிப்ரவரியில் பெரிதும் திருத்தப்பட்ட விதிகளிலும், சிறிய நிறுவனம் என்ற காரணத்துக்காக எந்த விலக்கும் தரப்படவில்லை. ஆனால் வங்கிக்குக் கொடுத்த பட்டியலை அப்படியே பதிவாளருக்கு அனுப்பாதீர்கள். வங்கி பின்பற்றுவது பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் விதிகளை. அவற்றின்படி, 2023 மார்ச்சுக்குப் பிறகு, ஒரு நிறுவனத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் பங்கு உள்ள தனிநபர், அதைத் தம் பெயரிலேயே வைத்திருந்தாலும், உண்மை உரிமையாளர் ஆவார். ஆகவே வங்கியில் உங்கள் பெயரை எழுதியது சரியே. கம்பெனிச் சட்டத்தின் 90-ஆம் பிரிவோ பங்கேட்டில் (பங்குதாரர் பதிவேட்டில்) பெயர் தெரியாமல் பின்னால் நிற்பவரைத்தான் தேடுகிறது. நேரடிப் பங்கு மட்டுமே உள்ளவர், எவ்வளவு வைத்திருந்தாலும், அதன்கீழ் வரமாட்டார். மறைமுகப் பங்கு (வேறொரு குடும்பம் அல்லது நிறுவனம் போன்றவற்றின் வழியாக உள்ள பங்கு) தனியாகவோ நேரடிப் பங்கோடு சேர்ந்தோ 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பவரே வருவார்.

இந்த அளவுகோலின்படி உங்கள் தந்தை, கூட்டுக் குடும்பத்தின் கர்த்தா என்ற முறையில், 25 விழுக்காட்டுக்கு அறிவிக்க வேண்டியவர். அண்ணனும் அப்படியே, பங்குதாரராக உள்ள நிறுவனத்தில் பாதிக்கு மேல் அவரிடம் இருப்பதால் அதன் வழியாக அவருக்கு மறைமுகப் பங்கு உண்டு. (அவரிடம் சரிபாதியோ அதற்குக் குறைவோ இருந்திருந்தால் விடை மாறியிருக்கும், எனவே அந்த நிறுவனத்தின் பங்கேட்டை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.) முதலில் உங்கள் நிறுவனம் அந்த இரு பங்குதாரர்களுக்கும் (கூட்டுக் குடும்பத்துக்கும் அண்ணனின் நிறுவனத்துக்கும்) விவரம் கேட்டு பென்-4 அறிவிப்பு அனுப்ப வேண்டும், தந்தையும் அண்ணனும் பென்-1 உறுதிமொழி தர வேண்டும், அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பென்-2 தாக்கல் செய்து, பென்-3 பதிவேட்டிலும் குறிக்க வேண்டும்.

நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த 5 விழுக்காடுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அதற்கு உரியது 89-ஆம் பிரிவு. அங்கே குறைந்தபட்ச விழுக்காடு என்ற வரம்பே கிடையாது. பெயரளவில் பங்கு வைத்திருக்கும் மேலாளர் எம்ஜிடி-4 படிவத்திலும், உண்மையான உரிமை உள்ள நீங்கள் எம்ஜிடி-5 படிவத்திலும் 30 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு அறிவித்திருக்க வேண்டும். நிறுவனம் அதை எம்ஜிடி-6 மூலம் பதிவாளருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அறிவிக்காத வரையில் அந்தப் பங்கின் மீதான எந்த உரிமையையும் நீங்கள் சட்டப்படி நிலைநாட்ட முடியாது. நாளை மேலாளரோ அவருடைய வாரிசுகளோ அது தங்களுடையது என்று சொன்னால் உங்கள் நிலை மிகவும் பலவீனமானது. அத்துடன், முறையாக அறிவித்த பங்கையே விதிகள் நேரடிப் பங்காக ஏற்கின்றன என்பதால், அறிவிக்காமல் விட்டால் உங்களையும் 90-ஆம் பிரிவின்கீழ் கொண்டுவர வாதம் எழலாம்.

அதற்காக நாளைக்கே எம்ஜிடி படிவங்களில் கையெழுத்திட்டுவிடவும் வேண்டாம். ஒருவர் பணத்தில் மற்றொருவர் பெயரில் வாங்கிய பங்கு, பினாமி பரிவர்த்தனைத் தடைச் சட்டத்தின் பார்வையிலும் சொத்துதான். மனைவி மக்கள் பெயரில் வாங்குவது போன்றவற்றுக்கு உள்ள விலக்குகளுக்குள் ஊழியர் ஒருவர் எளிதில் வரமாட்டார், 89-ஆம் பிரிவின்கீழ் அறிவித்துவிட்டதால் மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விடுபடவும் முடியாது. அதில் சொத்துப் பறிமுதலும் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவலும் உண்டு. எனவே பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது, ஏன் அவர் பெயரில் எடுக்கப்பட்டது, எழுத்து மூலமான உடன்பாடு ஏதும் உண்டா என்ற ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். பழைய தேதியிட்டுக் கடன் பத்திரமோ நன்கொடைப் பத்திரமோ தயாரிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

தாமதத்தைப் பொறுத்தவரை, கூடுதல் கட்டணத்துடன் பென்-2 தாக்கல் செய்யலாம். ஆனால் அபராதம் அதனால் தானாக நீங்கிவிடாது. 90-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கத் தவறிய தனிநபருக்கு ரூ.50,000, தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.1,000, உச்சவரம்பு ரூ.2 லட்சம், நிறுவனத்துக்கு ரூ.1 லட்சம், நாளொன்றுக்கு ரூ.500, உச்சவரம்பு ரூ.5 லட்சம், பொறுப்பான இயக்குநருக்குத் தனி அபராதமும் உண்டு. சட்டம் வரையறுக்கும் ‘சிறு நிறுவனம்’ நீங்கள் என்றால் 446பி பிரிவின்படி இவை பாதிக்கு மேல் போகாது. சிறுமைக்கு இச்சட்டம் காட்டும் சலுகை அபராதத்தில்தான், கடமையில் அல்ல. பதிவாளர் நோட்டீஸ் அனுப்பும் வரை காத்திராமல் தாக்கலை முடித்து, அபராதத்தை முடிவுசெய்யும் தீர்ப்பளிப்புக்கு நீங்களே விண்ணப்பிப்பது மேல் என்பது என் கருத்து.

2023 அக்டோபர் திருத்தத்தின்படி, பங்குகளின் உண்மை உரிமை பற்றிய விவரங்களைப் பதிவாளருக்குத் தரும் பொறுப்பாளர் ஒருவரை நிறுவனம் நியமித்து, பதிவாளரிடம் தாக்கல் செய்யும் ஆண்டு விவரப் படிவத்தில் (ஆனுவல் ரிட்டர்ன்) குறிப்பிட வேண்டும். நிறுவனச் செயலரோ நிர்வாக இயக்குநரோ இல்லாத உங்களைப் போன்ற நிறுவனத்தில், நியமிக்காத வரை ஒவ்வோர் இயக்குநரும் அந்தப் பொறுப்பாளராகவே கருதப்படுவார். அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்திலேயே அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றிவிடுங்கள்.