பயந்த நாயை யார் எடுப்பார்கள்?

கேள்வி: தெருவில் அடிபட்ட நாய்களை எடுத்து வந்து, தேற்றி, தத்துக் கொடுத்து வருகிறேன். செவலை என்று ஒரு பெண் நாய் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆள் வந்தாலே கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிவிடும், பார்க்க வருகிறவர்கள் வேறு குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். 'சாதுவான, பாசமான நாய்' என்று மட்டும் போட்டுக் கொடுத்துவிடு என்கிறாள் தோழி. இன்னொரு பக்கம், எங்கள் வீட்டு நாய் மணிக்கு 13 வயது, சிறுநீரகம் போய்விட்டது. கஷ்டப்படாமல் போய்ச் சேர ஊசி போடுவதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார் டாக்டர், அது பாவம் என்கிறார் மாமியார். செவலை தூங்குவதே மணியின் முதுகில் ஒட்டிக்கொண்டுதான். நான் என்ன செய்யட்டும்?
- வாசகி, கோவை

பதில்: தோழி சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். பாசமான நாய் என்று நம்பி எடுத்துப் போகிறவர் வீட்டில் முதல் நாளே பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள், செவலை பீரோவுக்குப் பின்னால் ஒண்டும், யாராவது காலைப் பிடித்து இழுப்பார், அது கடிக்கும், அடுத்த வாரம் உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பைபாஸ் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு.

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். புது ஆளைக் கண்டால் ஒளிந்துகொள்ளும், தட்டை வைத்துவிட்டு நாம் நகர்ந்தால்தான் சாப்பிடும், கூட ஒரு நாய் இருந்தால் தைரியம் வரும், சின்னக் குழந்தைகள் உள்ள வீடு வேண்டாம். இப்படி எழுதினால் விசாரிக்கிறவர்கள் குறைவார்கள், குறையட்டும், செவலைக்கு வேண்டியது ஒரு வீடுதானே. கட்டிலுக்கு அடியில் ஃபிளாஷ் அடித்து எடுத்த, கண் மட்டும் மின்னுகிற படத்தையும் போடாதீர்கள். மணியோடு ஒட்டிப் படுத்திருக்கும்போது தூரத்திலிருந்து ஒரு சின்ன வீடியோ எடுங்கள்.

ஒன்றை எடுக்கிறவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நாய்க்குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்வது பிறந்து 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான் அதிகம். அந்த நேரத்தில் மனிதக் கையே படாமல் வளர்ந்ததற்கு, பின்னால் எவ்வளவு அன்பு காட்டினாலும் கொஞ்சம் பயம் தங்கியே இருக்கலாம். அது உங்கள் வளர்ப்பில் உள்ள குறை இல்லை.

பார்க்க வருகிறவர்களைக் குடும்பத்தோடு வரவழைக்காதீர்கள். ஒரே ஒருவர், அமைதியானவர், பல தடவை வரட்டும். தரையில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், வேகவைத்த கோழித் துண்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கட்டும். செவலை தானாக வந்து முகர்ந்தால்கூட உடனே தலையைத் தடவக் கூடாது, நம் ஆட்களுக்கு இதுதான் முடிவதே இல்லை. புது வீட்டில் பதற்றம் அடங்க 3 நாள், வழக்கம் பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று தோன்ற 3 மாதம் என்று நாய் மீட்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். செவலை மாதிரி நாய்க்கு அதுவே குறைவு.

கூட்டிப்போகிற நாளில்தான் பெரிய ஆபத்து. பயந்த நாய் பின்னால் இழுத்தால் கழுத்து பெல்ட் தலை வழியாகக் கழன்று வந்துவிடும். ஹார்னஸும் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) போட்டு பெல்ட்டும் போட்டு, இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டி, கதவு மூடிய காரில் கூட்டிப்போகச் சொல்லுங்கள், ஆட்டோ வேண்டாம். மிரண்டு ஓடிய நாய் வளர்த்தவர் கூப்பிட்டாலே வராது, நேற்றுப் பார்த்தவருக்கா வரப்போகிறது? தீபாவளியை ஒட்டி யாருக்கும் கொடுக்காதீர்கள். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசுங்கள். கருத்தடை, தடுப்பூசி எல்லாம் முடித்து, ஒத்துவரவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் உங்களிடமே திருப்பிக் கொடுப்பதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, மணி. வயதாகிறது, விளக்கு அணைகிற மாதிரி தானாக அடங்கட்டும் என்று உங்கள் மாமியார் நினைக்கிறார். சிறுநீரகக் கோளாறில் அப்படி நடப்பது அரிது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறியது தெரியவரும்போதே சிறுநீரகத்தில் முக்கால் பங்கு வேலை போயிருக்கும். கழிவு ரத்தத்திலேயே தேங்குவதால் குமட்டல், வாந்தி, வாயில் புண். சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது அதனால்தான், வைராக்கியத்தால் இல்லை. இதை டாக்டரையே மாமியாரிடம் நேரில் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் வாக்குவாதமாகத்தான் முடியும்.

எப்போது என்று முடிவெடுக்க, அமெரிக்கக் கால்நடை மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் தந்த ஒரு அளவுகோல் உண்டு. வலி, பசி, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயம், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க், நிலைமை நன்றாக இருந்தால் மார்க் அதிகம், வலிக்கும் அப்படித்தான், வலி குறைவாக இருந்தால் மார்க் கூடும். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் பார்த்துக்கொண்டு தொடரலாம். நீங்களும் மாமியாரும் தனித்தனியாக மார்க் போட்டுப் பாருங்கள். தினமும் காலண்டரில் நல்ல நாளா கெட்ட நாளா என்று ஒரு குறி போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மணி ஒரு வேளை வாலாட்டியதும் போன வாரம் முழுக்க அது வாந்தி எடுத்தது நமக்கு மறந்துவிடும்.

ஊசி என்றால் என்ன என்பதையும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மயக்க மருந்து போடச் சொல்லிக் கேளுங்கள். நன்றாக மயங்கிய பிறகு ரத்தக் குழாய் வழியாக அதிக அளவில் இன்னொரு மருந்து, சில நிமிடத்தில் இதயம் நின்றுவிடும். கண் திறந்தபடியே இருக்கும், மூச்சு வாங்குவது போல ஒன்றிரண்டு அசைவு வரலாம், சிறுநீர் போகலாம். வலியால் இல்லை, அதற்குள் நினைவு போயிருக்கும். அப்புறம் செவலையை உள்ளே விடுங்கள், முகர்ந்து பார்க்கட்டும். புதைப்பதாக இருந்தால் நல்ல ஆழமாகத் தோண்டுங்கள், மருந்து உடம்பிலேயே தங்கும், தெருநாய்கள் தோண்டித் தின்றால் அதுகளுக்கும் விஷம்.

மணி இருக்கும்போதே செவலையைப் பார்க்க ஆட்களை வரச்சொல்லுங்கள், அது பக்கத்தில் இருந்தால்தான் இதற்கு எட்டிப் பார்க்கவாவது தைரியம் வரும். ஆனால் மணி போன கையோடு இதையும் அனுப்பிவிடாதீர்கள். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பிக்கட்டும், பிறகு அமைதியான நாய் ஒன்று ஏற்கெனவே உள்ள வீடாகப் பார்த்துக் கொடுங்கள்.

டாக்டரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள், வீட்டுக்கு வருவாரா, ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாரா என்று. அன்றைக்கு மாமியார் பக்கத்தில் இருக்கிறேன் என்றால் இருக்கட்டும், கோயிலுக்குப் போய்விடுகிறேன் என்றாலும் விட்டுவிடுங்கள்.